.45-70 தோட்டாவும் நெம்புகோல் ரைஃபிளும்
அமெரிக்க ராணுவம் 1873-இல் ஏற்றுக்கொண்ட தோட்டா. பெயரே அளவைச் சொல்லிவிடும்: 0.45 அங்குலக் குண்டு, 70 கிரெய்ன் (சுமார் 4.5 கிராம்) கருமருந்து. ஸ்பிரிங்ஃபீல்டு ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிக்காகப் பிறந்த இது, மார்லின் 1881 வழியாக நெம்புகோல் ரைஃபிளுக்குள் வந்தது. ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1886-இன் உறுதியான பூட்டமைப்பே இதற்குச் சரியான வீடு.

கையால் தோட்டா நிரப்புவோர் முதலில் பார்க்க வேண்டியது குண்டின் முனை. நெம்புகோல் ரைஃபிளின் குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்முனைக் குண்டு முன்னுள்ள தோட்டாவின் அடியிலுள்ள பிரைமரை (மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) தொட்டு நிற்கும். பின்னுதைப்பில் அது இடித்தால் மேகசினுக்குள்ளேயே வெடிக்கலாம். ஆகவே தட்டை முனையே வழக்கம். மென்மையான பாலிமர் முனை பிற்கால மாற்று. தோட்டாக் கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்தில் இறுக்கி மடிக்காவிட்டால், அதே உதைப்பில் குண்டு உள்ளே நழுவி அழுத்தம் ஏறும்.

மருந்தளவில் கவனம் இன்னும் கூட வேண்டும். கையேடுகள் இத்தோட்டாவுக்கு மூன்று அழுத்தப் படிகளைத் தருகின்றன: பழைய ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் குறைவு, நவீன நெம்புகோல் ரைஃபிளுக்கு நடுத்தரம், வலுவான ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிக்கு அதிகம். மூன்றுக்கும் கூடு ஒன்றே என்பதுதான் ஆபத்து; பெட்டியில் தெளிவாக எழுதி ஒட்டுவது கட்டாயம்.