லூக்கா பாசியோலி: தந்தையா, வாத்தியாரா?

வணிகவியல் மாணவர்களுக்கு முதல் பாடத்திலேயே அறிமுகமாகும் பெயர் லூக்கா பாசியோலி. 'கணக்கியலின் தந்தை, 1494' என்று ஒரு மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்வோம், பிறகு மறந்துவிடுவோம். அவர் ஒரு கணித ஆசிரியர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இத்தாலியின் சான்செபோல்க்ரோ ஊரில் 1447 வாக்கில் பிறந்தவர். இளம் வயதில் வெனிஸ் போய் ரொம்பியாசி என்ற வணிகரின் மூன்று மகன்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1470-ல் அவர்களுக்காகவே ஒரு கணக்குப் புத்தகம் எழுதினார். பிறகு பிரான்சிஸ்கன் துறவியானார். 1477-ல் பெருஜியா பல்கலைக்கழகத்தில் வேலை. அங்கேயும் மாணவர்களுக்காக ஒரு பாடநூல்!

1494-ல் வெனிஸில் அச்சானது அவரது பெரிய நூல். அதன் பெயர் 'சும்மா'வில் தொடங்கும், ஆனால் விஷயம் சும்மா இல்லை :-) எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல் எல்லாம் சேர்ந்த சுமார் 600 பக்கம். கற்றவர்களின் லத்தீனில் எழுதாமல், வணிகர்களுக்குப் புரியும் இத்தாலிய மொழியில் எழுதினார். அதில் வெறும் 27 பக்கம்தான் கணக்குப்பதிவு. அன்றாடக் குறிப்பு, குறிப்பேடு, பேரேடு என மூன்று புத்தகங்களை எப்படி எழுதுவது, பற்றும் வரவும் சமமாகிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது என்று படிப்படியாக விளக்குகிறார்.

பிறகு மிலானில் லியொனார்டோ டா வின்சியின் நட்பு கிடைத்தது. 1509-ல் வந்த பாசியோலியின் நூலுக்கு வடிவியல் படங்கள் வரைந்தவர் டா வின்சிதான். 1517-ல் பாசியோலி மறைந்தார்.

சரி, இரட்டைப் பதிவு முறையைக் கண்டுபிடித்தது இவரா? இல்லை. ஜெனோவா நகர ஆட்சியின் 1340-ஆம் ஆண்டுக் கணக்கேடுகளிலேயே அந்த முறை இருக்கிறது. பெனடெட்டோ கொட்ருலி 1458-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். ஆனால் அது அச்சானது 1573-ல்தான். பாசியோலியும் தான் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை, வெனிஸ் வணிகர்களின் முறையைப் பின்பற்றுவதாகத்தான் சொல்கிறார்.

அவர்மீது குற்றமே இல்லை என்று சொல்ல முடியாது. ஓவியரும் கணித அறிஞருமான பியெரோ டெல்லா பிரான்செஸ்காவின் நூல் ஒன்றை மொழிபெயர்த்து, அவர் பெயரைச் சொல்லாமலே 1509 நூலில் சேர்த்துவிட்டார். 1550-ல் வசாரி இதைத் திருட்டு என்றே எழுதினார்.

ஆகவே 'தந்தை' பட்டம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது. ஆனால் வணிகர்களின் கடைக்குள் இருந்த வித்தையை அச்சில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று ஆக்கியவர் அவர். கண்டுபிடித்தவர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது; புரியும்படி சொல்லிக்கொடுத்த வாத்தியாரை 500 வருடம் தாண்டியும் படிக்கிறோம்.