சுங்கான்: புகையை ஆற வைத்த வித்தை

சுங்கான் என்று சொன்னால் இன்றைக்கு வேளச்சேரியில் எத்தனை பேருக்குப் புரியும்னு தெரியல. பழைய சினிமாவில் ஜமீன்தாரும் துப்பறிவாளரும் வாயோரத்தில் கவ்விக்கிட்டு வருவாங்களே, அந்த பைப்புக்குத் தமிழ்ல இருக்கிற பேரு அது. வடக்கேயிருந்து வந்த சொல்தான், ஆனா நம்ம ஊர்க் கிழவர்கள் வாயில் நல்லாவே புழங்கின சொல்.

பார்த்தா ஒண்ணுமே இல்லாத சாமான். ஒரு கிண்ணம், ஒரு குழாய், முடிஞ்சுது கதை. ஆனா நானூறு வருஷமா உலகம் பூரா குயவர், தச்சர், வைத்தியர், இன்ஜினியர் எல்லாரும் இந்தக் கிண்ணத்தையும் குழாயையும் வச்சுக்கிட்டு மண்டையை உடைச்சிருக்காங்க. பிரச்சினை என்னன்னு விறகடுப்பு ஊதினவங்களுக்குச் சுலபமா விளங்கும். நெருப்பு ஒரு முனையில, வாய் மறுமுனையில. இடையில வர்ற புகை சூடா வருது. எரியிற இலையிலிருந்து கிளம்பின ஆவி குழாய்க்குள்ள குளிர்ந்து தண்ணியாகுது. அந்தத் தண்ணி தாரோடு கலந்து, கசந்த கறுப்புச் சாறா நாக்கில் வந்து விழுது. போதாததுக்குச் சாம்பலும் கங்கும் உள்ளே இழுபடும். சூடு, சாறு, கங்கு. சுங்கான் வரலாறுன்னா இந்த மூணோடும் மனுஷன் போட்ட மல்லுக்கட்டுதான்.

முதல்ல செடியைப் பத்திச் சொல்லணும். வேளச்சேரி தண்டீஸ்வரர் கோயில்ல சோழர் காலத்துக் கல்வெட்டு இருக்கு. அந்தக் கல்வெட்டை வெட்டின சிற்பி வெத்தலை போட்டிருப்பான், பாக்கு மென்னிருப்பான். புகையிலையை மட்டும் கண்ணால பார்த்திருக்க மாட்டான். மிளகாய், நிலக்கடலை மாதிரி இதுவும் அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துக்கீசியர் கப்பல்ல நம்ம கரைக்கு வந்தது. நேத்து வந்த செடிக்கு நம்மாளுங்க ஒரு புராணமே கட்டிட்டாங்க. சீனிச்சர்க்கரைப் புலவர் 'புகையிலை விடு தூது' என்று ஒரு நூல் எழுதினார். பழனி முருகனிடம் தூது போவது புகையிலை! உ.வே.சாமிநாதையர் அதைத் தேடிப் பதிப்பிச்சார். அதில் வர்ற கதைப்படி, சிவனுக்குக் கொடுத்த வில்வம் கங்கையில் போச்சு, திருமாலுக்குக் கொடுத்த துளசி பாற்கடலில் போச்சு, பிரம்மா தன் இலையைச் சரஸ்வதியிடம் கொடுத்து வச்சதால அது மட்டும் போகவில்லை. அதனால்தான் அந்தப் பேராம். பேச்சு வன்மைக்குப் பரிசு கொடுக்கலாம், தாவரவியலுக்கு முடியாது.

சரி, குழாய்க்கு வருவோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில கல்பாக்கத்தை ஒட்டி சதுரங்கப்பட்டினம் கோட்டை இருக்கு. மாமல்லபுரம் போறவங்கள்ல பாதிப்பேர் அதை எட்டிக்கூடப் பார்க்கிறதில்லை. டச்சுக்காரங்க மெல்லிய துணி வாங்கிக் கப்பல் ஏத்தின இடம் அது. தொல்லியல் துறை அங்கே தோண்டினப்போ கிடைச்ச சாமான்கள்ல சீனப் பீங்கான், சாராயப் புட்டிகளோட, வெள்ளைக் களிமண்ணில் செஞ்ச புகைக்குழாய்களும் உண்டு. நம்ம தமிழ்நாட்டு மண்ணுக்குள்ள கிடந்த சுங்கான் என்றால் எனக்குத் தெரிஞ்சு இதுதான் ரொம்பத் தெளிவான சாட்சி.

இந்த மண்குழாய்களுக்கு டச்சு நாட்டில் பேர்போன ஊர் கௌடா. செய்யிற விதம் நம்ம குயவருக்கும் விளங்கும். மண்ணை உருட்டித் திரி மாதிரி நீட்டணும், அதுக்குள்ள எண்ணெய் தடவின கம்பியைச் செருகணும், இரண்டு பாதியா இருக்கிற உலோக அச்சுக்குள்ள வச்சு அழுத்தணும், கிண்ணத்தைக் குடைஞ்சு, கம்பியை உருவிட்டுச் சுடணும். அந்தக் கம்பியின் கனம்தான் புகை வர்ற துளையின் கனம். இதில் ஒரு வேடிக்கை இருக்கு. 1954ல் ஹாரிங்டன் என்கிற அமெரிக்கத் தொல்லியலாளர் ஆங்கிலேயர் செஞ்ச ஆயிரக்கணக்கான குழாய்த் துண்டுகளை எடுத்து, ஒவ்வொரு துளையிலும் ட்ரில் பிட்டை விட்டு அளந்தார். 1600ஐ ஒட்டிச் செஞ்ச குழாய்களில் துளை 64ல் 9 பங்கு அங்குலம், அதாவது மூன்றரை மில்லிமீட்டர். 1750க்கு அப்புறம் 64ல் 4 பங்கு, ஒன்றரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். வருஷம் ஏற ஏறத் துளை சிறுத்துக்கிட்டே வந்திருக்கு. கிண்ணம் உடைஞ்சு வெறும் தண்டு மட்டும் கிடைச்சாலும், துளையை அளந்தே காலத்தைச் சொல்லிடலாம்னு ஆயிடுச்சு.

துளை ஏன் சிறுத்துச்சு? தண்டு நீண்டதால. தண்டு எவ்வளவு நீளமோ புகை அவ்வளவு ஆறி வரும், சாறும் வழியிலேயே மண்ணுக்குள்ள ஊறிடும். ஆனா நீளத் தண்டில் பெரிய துளை போட்டா மண் தாங்காது. அதனால கம்பியை மெலிசாக்கினாங்க. இத்தனைக்கும் அது கையிலிருந்து தவறினா போச்சு. மலிவா இருந்ததால புதுசு வாங்கிக்கிட்டாங்க, நமக்கும் தோண்டின இடமெல்லாம் துண்டு கிடைக்குது.

இன்னொரு வழி, புகையைத் தண்ணிக்குள்ள விட்டு எடுக்கிறது. அதுதான் உக்கா. இதில் நம்ம தென்னை மரத்துக்கும் பங்கு உண்டு. மேற்கு ஆசியாவில் உக்காவுக்கு 'நார்கிலே' என்று பேர், தேங்காய்க்கான பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. ஏன்னா ஏழைகளோட உக்கா ஒரு முற்றின தேங்காய் ஓடுதான். கண்ணைத் துளைச்சு உள்ளே இருப்பதை எடுத்துட்டு, பாதி தண்ணி ஊத்தி, மேலே ஒரு குழலைச் செருகி, அதன் தலையில் மண் சிலிம். பக்கவாட்டில் ஒரு துளை. அந்தத் துளையில் வாய் வச்சு இழுத்தா உள்ளே இருக்கிற காத்து குறையும், அந்த இடத்தை நிரப்ப மேலேயிருந்து புகை குழல் வழியா இறங்கித் தண்ணிக்குள்ள குமிழ் விட்டு வரும். கடகடன்னு வர்ற சத்தம் அந்தக் குமிழ்தான். ஒரு பம்ப்செட் மெக்கானிக்கிடம் சொன்னா ஒரு நிமிஷத்தில் புரிஞ்சுக்குவார்.

உக்காவைக் கண்டுபிடிச்சது அக்பர் தர்பாரில் இருந்த வைத்தியர் அபுல் பத்ஹ் கிலானி என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கிலானி இறந்தது 1589ல். அசத் பெக் என்பவர் பீஜப்பூரிலிருந்து புகையிலையும் அலங்காரமான குழாயும் கொண்டுவந்து அக்பர் முன்னால வச்சதோ 1604 வாக்கில். புதுச் சாமானைப் பார்க்கிற மாதிரிதான் தர்பாரே பார்த்ததுன்னு அவரே எழுதி வச்சிருக்கார். தர்பாருக்கே புதுசான இலைக்குப் பதினஞ்சு வருஷம் முன்னாடி செத்துப்போன வைத்தியர் எப்படித் தண்ணிக்குழாய் செஞ்சிருப்பார்? அக்பர் ரெண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தார், வைத்தியர்கள் தடுத்தாங்க. மகன் ஜஹாங்கீர் 1617ல் தடையே போட்டார். யார் கேட்டா?

சென்னைப்பட்டினத்து வெள்ளைக்காரங்களும் கம்பெனிக் காலத்தில் உக்கா பைத்தியமாத்தான் இருந்தாங்க. உக்காபர்தார்னு அதுக்கே தனியா ஒரு ஆள் வேலைக்கு. சிலிமில் கங்கு வைக்க, தண்ணி மாத்த, பாம்பு மாதிரி சுருண்ட குழாயைத் தூக்கிக்கிட்டுப் பின்னாலேயே போக. விருந்துக்குப் போனாலும் அந்த ஆளும் கூடப் போவான்.

நம்ம உழவனுக்கு இது சரிப்படுமா? உக்கா உட்கார்ந்து பிடிக்கிற சாமான். ஏர் ஓட்டுறவனுக்கும் ஏத்தம் இறைக்கிறவனுக்கும் அது ஆகாது. தமிழ்நாட்டில் சுருட்டு ஜெயிச்சதுக்குக் காரணம் இதுதான்னு நான் நினைக்கிறேன். சுருட்டுன்னா என்ன? குழாயே புகையிலையால் ஆன சுங்கான். உள்ளே இருக்கிற இலையே வடிகட்டி, மேலே சுத்தின இலையே தண்டு, எரிய எரியக் குழாயும் காலி. கழுவ வேண்டாம், உடையாது, பாதியில் அணைச்சுக் காதில் செருகிக்கலாம். இங்கிலீஷ்காரன் இந்த சொல்லையே எடுத்துக்கிட்டு 'செரூட்' ஆக்கினான். திண்டுக்கல் பக்கத்து இலை, உறையூர் கைவேலை, திருச்சிராப்பள்ளி என்கிற பேரு. 1887ல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே, கீழே கிடந்த சாம்பலைப் பார்த்து அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டுன்னு அவர் கண்டுபிடிப்பார்.

எங்க வீட்டில் சுங்கான் வச்சிருந்தவர் பெரிய தாத்தா ஒருத்தர் மட்டும்தான். வேளச்சேரி ஏரிப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நஞ்சை இருந்த காலம். இப்ப அங்கே வரப்பு எதுன்னு கேட்டா எந்த அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கைக் காட்டுறதுன்னு தெரியாது, அதை விடுங்க. அவர் வேலை செஞ்ச துரை வீட்டில் கொடுத்த மரச் சுங்கான் அது. பிடிச்ச நேரத்தைவிட அதைச் சுத்தம் பண்ண நேரம்தான் ஜாஸ்தி. தென்னை ஈர்க்கு எடுத்து ஒரு முனையை மென்னு பிரஷ் மாதிரி ஆக்கி, தண்டுக்குள்ள விட்டுத் திருகுவார். கறுப்புப் பசை வரும். அதைக் கொண்டுபோய் வெண்டைச் செடியில் அசுவினி இருக்கிற இடத்தில் தடவுவார்னு அப்பா சொல்லுவார். கடைசியில் தாத்தாவுக்குத் தொண்டையில் வந்தது. சோறு இறங்காமத்தான் போனார்.

அந்தக் கறுப்புச் சாறைத்தான் ஐரோப்பாவில் இன்ஜினியரிங் பண்ண ஆரம்பிச்சாங்க. டப்ளினில் கடை வச்சிருந்த சார்லஸ் பீட்டர்சன் 1890ல் ஒரு காப்புரிமை வாங்கினார். கிண்ணத்துக்குப் பக்கத்தில், புகை போற துளைக்குக் கீழே, ஒரு சின்னக் குழி. புகை அந்த அகலமான இடத்துக்கு வந்ததும் வேகம் குறையும், கனமான ஈரம் கீழே விழுந்து தங்கும், காய்ந்த புகை மட்டும் மேலே போகும். வாய்க்காலில் வண்டல் தங்கறதுக்குத் தொட்டி கட்டுறோமில்ல, அதே கணக்கு. பிறகு 1898ல் வாய் முனையையும் மாத்தினார். துளையை மேல்நோக்கித் திருப்பி, புகை நாக்கில் நேராப் படாம அண்ணத்தில் படற மாதிரி.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து கிர்ஸ்டன் இன்னும் ஒரு படி போனார். விமானப் பொறியியல் பேராசிரியர், போயிங்கோடு சேர்ந்து புது மாதிரி ப்ரொப்பெல்லர் செய்ய முனைஞ்ச மனுஷன். 1930களில் அவர் செஞ்ச சுங்கானுக்குத் தண்டு உலோகம். உலோகம் சூட்டைச் சீக்கிரம் வெளியே விடும், ட்ராக்டர் ரேடியேட்டர் மாதிரி. உள்ளே ஈரம் குளிர்ந்து தங்கும், கழட்டித் துடைச்சுக்கலாம். முனையைத் திருகினா காத்துவழி கூடும், குறையும். வேலைப்பாட்டுக்கு ஒரு கும்பிடு போடலாம், சந்தேகமே இல்லை.

ஆனா இந்த நானூறு வருஷ மூளையும் எதுக்குச் செலவாச்சுன்னு யோசிச்சா கோபம்தான் வருது. புகை சுடாம, கசக்காம இருக்கணும், அவ்வளவுதான் எல்லார் குறியும். சூடும் கசப்பும்தான் உடம்பு நமக்குச் சொல்ற எச்சரிக்கை. நிழலில் காயவச்ச சுருட்டு இலையோட புகை காரத்தன்மை உள்ளது, நெஞ்சுக்குள்ள இழுத்தா இருமல் வரும், அதனால வாயோடு நின்னுச்சு. வாயும் தொண்டையும் கெட்டது. சூட்டு அறையில் பதப்படுத்தின சிகரெட் இலையின் புகை சாதுவா இருக்கும், நுரையீரல் அடிவரைக்கும் போகும். 1881ல் போன்சாக் என்பவர் சிகரெட் சுத்துற மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினார், நிமிஷத்துக்கு 200 சிகரெட். சாதுவான புகையும் மலிவான விலையும் சேர்ந்ததும் நுரையீரல் புற்று பெருத்துடுச்சு. 1954ல் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் ஆரம்பிச்ச புற்றுநோய் ஆஸ்பத்திரி வேளச்சேரியிலிருந்து கூப்பிடு தூரம். அந்த வாசலில் ஒரு காலை நேரம் நின்னு பாருங்க.

தண்ணி வடிகட்டிடும்னு உக்காவுக்கு இப்பவும் வக்காலத்து வாங்குறாங்க. தண்ணி புகையைக் குளிர வைக்கும், அவ்வளவுதான். கார்பன் மோனாக்சைடு தண்ணியில் கரையாது, அதைக் கூட்டுறதே மேலே இருக்கிற கரிக்கங்கு. ஒரு மணி நேரம் உக்கா பிடிச்சா, ஒரு சிகரெட்டில் இழுக்கிற புகையைப்போல 100லிருந்து 200 மடங்கு புகை உள்ளே போகும்னு உலகச் சுகாதார நிறுவனம் 2005லேயே சொல்லிடுச்சு. குளிர்ச்சியா இருக்கிறதாலதான் அத்தனை நேரம் இழுக்க முடியுது. சென்னையில் ஆப்பிள் வாசனை, புதினா வாசனைன்னு உக்கா பார்கள் முளைச்ச பிறகு, தமிழ்நாடு அரசு சட்டம் திருத்தி 2023ல் அதுகளுக்குத் தடை கொண்டுவந்தது.

அசுவினிக்குத் தாத்தா தடவின பசையில் வேலை செஞ்சது நிகோடின். அதையே சல்பேட் ஆக்கிப் பூச்சிமருந்தா வித்தாங்க. அடிக்கிற ஆளுக்கே ஆபத்துன்னு இப்ப அதை நம்ம நாட்டு வயலில் அடிக்கத் தடை இருக்கு, ஏற்றுமதிக்கு மட்டும் செஞ்சுக்கலாம். வெண்டைச் செடிக்கு ஆகாதுன்னு தீர்மானிச்ச சரக்கு, முக்குக் கடையில் பத்து ரூபாய் கொடுத்தா இன்னும் கிடைக்குது.