நீலக் கண்ணாடி

அவுரி நம் நாட்டார் நன்கறிந்த செடி. சித்த மருத்துவர் அதனை மருந்தாகக் கொண்டனர். சாயக்காரர் துணிக்கு நீலம் ஏற்றக் கொண்டனர். வங்காளத்திலோ அதே செடி அரை நூற்றாண்டுக்கு மேலாக உழவர் குடும்பங்களை அழ வைத்தது. அந்த அழுகையைப் பற்றி அஞ்சல் இலாகாவில் பணிபுரிந்த ஒருவர் நாடகம் ஒன்று எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் சிறை சென்றார். நாடகத்தின் பெயர் 'நீல தர்ப்பணம்'. தர்ப்பணம் என்றவுடன் எள்ளும் நீரும் இறைக்கும் நீத்தார் கடன் நம் நினைவுக்கு வரும். இங்கே அச்சொல்லுக்குக் கண்ணாடி என்பது பொருள். வடமொழியில் இரண்டும் வேறு வேறு சொற்கள்; தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டன.

விடுதலைப் போராட்டத்துக்கும் இலக்கியத்துக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதுவோர், நூல் முன்னே சென்றது, மக்கள் பின்னே சென்றனர் என்று கூறுவது வழக்கம். படித்தார்கள், பொங்கி எழுந்தார்கள் என்று எழுதிவிடுதல் எளிது. நீல தர்ப்பணத்தின் வரலாறு அத்துணை எளிதன்று. அங்கே முன்னே சென்றவர்கள் எழுத்தறியாத குடியானவர்கள். நூல் அவர்களுக்குப் பின்னே வந்தது. அப்படியானால் நூல் செய்த பணிதான் யாது?

முதலில் நீலத்தின் கதையைப் பார்ப்போம். இங்கிலாந்தில் நெசவாலைகள் பெருகியபோது சாயத்தின் தேவையும் பெருகியது. 1788-இல் பிரிட்டன் இறக்குமதி செய்த நீலத்தில் நூற்றுக்கு 30 பங்குதான் இந்திய நீலம். 1810-இல் அது 95 பங்காயிற்று. இதனை விளைவித்தவர் யார்? துரைமார் தம் பொறுப்பில் கூலியாட்களை வைத்துப் பயிரிட்டது சிறு பகுதியே. பெரும்பகுதி குடியானவர் நிலத்தில் விளைந்தது. துரை முன்பணம் கொடுப்பார். வங்காளத்தார் அதனைத் 'தாதன்' என்பர். பிகா ஒன்றுக்கு இரண்டு ரூபாய் அளவில் கொடுத்து, முத்திரைத் தாளில் கைநாட்டு வாங்கிக் கொள்வார். பிகாவை அளக்கும் கோலோ துரையுடையது. ஊர்க் கோலைவிட நீண்டது. நெல்லுக்கு ஏற்ற நல்ல நிலத்தையே நீலத்துக்குக் கேட்பார். விளைந்த செடியைத் தொழிற்சாலையில் கொண்டு போய்ச் சேர்த்தால் கணக்கில் முன்பணம் கழியாது, பாக்கி நிற்கும். அந்தப் பாக்கியைத் தீர்க்க மறுபடியும் முன்பணம். தந்தை பட்ட கடன் மகன் தலையில் விழுந்தது. 1850-க்குப் பிறகு நெல் விலை ஏறியது. நீலத்துக்குக் கொடுத்த விலை ஏறவில்லை. ஆகவே, குடியானவன் நீலம் விதைத்த ஒவ்வோர் ஆண்டும் தன் கையிலிருந்த சோற்றை இழந்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

மறுத்தால் என்ன நேரும்? துரையிடம் தடிக்காரர் படை இருந்தது. மறுத்தவனைப் பிடித்துக் கிடங்கில் அடைப்பார்கள். முறையிடலாம் என்றால், வெள்ளையர் மீது குற்ற வழக்குத் தொடுக்க வேண்டுமாயின் கல்கத்தாவிலிருந்த உயர்ந்த நீதிமன்றத்துக்கே போக வேண்டும். மாவட்ட நீதிபதிக்கு அவர்களைத் தண்டிக்கும் உரிமை இல்லை. பத்துப் பதினைந்து நாள் வேலையை விட்டு, படகேறி, அறியாத நகரத்தில், அறியாத மொழியில் வழக்காட எந்த உழவனால் முடியும்? போதாக்குறைக்கு 1857-ஆம் ஆண்டுக் கலகத்தின்போது சில தோட்ட முதலாளிகளுக்கே உதவி நீதிபதி அதிகாரமும் கொடுக்கப்பட்டது.

1859-இல் பாராசத்து மாவட்டத்தில் ஆஷ்லி ஈடன் என்ற நீதிபதி, தன் நிலத்தில் எதை விதைப்பது என்பது குடியானவன் விருப்பம் என்று கருத்துத் தெரிவித்தார். அவருக்குக் கீழிருந்த ஹேமசந்திர கர் என்ற அதிகாரி அதனை வங்காளியில் அறிக்கையாக வெளியிட்டார். செய்தி ஊர் ஊராகப் பரவியது. சர்க்காரே நம் பக்கம் என்று மக்கள் நம்பினர். அந்த நம்பிக்கை பாதி உண்மையானது; ஆனால் அதனால் விளைந்த துணிவு முழு உண்மையானது. நதியா மாவட்டத்தில் சௌகாச்சா என்னும் ஊரில் திகம்பர் விசுவாஸ், விஷ்ணுசரண் விசுவாஸ் என்ற இருவர் உழவரைத் திரட்டினர். துரையிடம் முன்பு வேலை பார்த்தவர்கள் அவர்கள். உள்ளே நடப்பதை அறிந்தவர்கள். தடிக்காரர் வந்தபோது ஊரார் எதிர்த்து நின்றனர். பெண்கள் சட்டியும் பானையும் கொண்டு போரிட்டனர் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன.

1860-இல் வங்காளத்தின் துணை ஆளுநர் ஜான் பீட்டர் கிராண்ட், குமார், காளிகங்கை என்னும் ஆறுகளின் வழியே நீராவிப் படகில் பயணம் செய்தார். அறுபது எழுபது மைல் தூரம் இரு கரையிலும் மக்கள் வரிசையாக நின்று, நீலம் விதைக்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று முறையிட்டனர். பெண்களும் தனிக் கூட்டமாக வந்து நின்றனர். அமைதியாகவும் ஒழுங்காகவும் நின்ற இக்கூட்டத்தைக் கண்டு கிராண்ட் வியந்து எழுதி வைத்திருக்கிறார். தில்லிக் கலகத்துக்குப் பிறகு வேறெதுவும் தமக்கு இத்துணைக் கவலை தரவில்லை என்று வைசிராய் கானிங் பிரபு கருதினார். சர்க்கார் அமைத்த நீல விசாரணைக் குழு 1860 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. கட்டாயப் பயிர் அநீதி என்று அக்குழு கண்டது. அதன்பின் வங்காளத்தில் நீலத் தொழில் சரிந்தது. துரைமார் பீகாருக்கு நகர்ந்தனர். அங்கே சம்பாரணில் இதே கொடுமை 1917-இல் காந்தியடிகள் செல்லும் வரையில் நீடித்தது.

நாடகம் அச்சேறியது இவ்வளவுக்கும் பின்னர், அதே 1860-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், டாக்கா நகரில். உழவர் எழுந்துவிட்டனர்; விசாரணையும் முடிந்துவிட்டது. ஆகையால் நீல தர்ப்பணமே நீலக் கிளர்ச்சியை மூட்டியது என்று சில பாட நூல்களில் காணப்படும் கூற்றை மாணவர்கள் ஏற்க வேண்டுவதில்லை. ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும்.

ஆசிரியர் தீனபந்து மித்திரர் நதியா மாவட்டத்தில் 1830-இல் பிறந்தவர். அஞ்சல் இலாகாவில் மேற்பார்வைப் பணி. ஆண்டு முழுவதும் ஊர் ஊராகச் சுற்றும் வேலை. உழவரின் பேச்சை அவர் கேட்டது இந்தப் பயணங்களில்தான். நூலில் அவர் பெயர் இல்லை. ஒரு வழிப்போக்கன் இயற்றியது என்றே இருந்தது. சர்க்கார் ஊழியர் வேறு எப்படி எழுதுவார்? ஆயினும் அவரைப் பொறுத்தவரை அது பொய்யுமன்று.

கதை சுவரபுரம் என்னும் சிற்றூரில் நடக்கிறது. கோலோக சந்திர வசு என்ற செல்வாக்குள்ள குடும்பத் தலைவர், அவர் மூத்த மகன் நவீன் மாதவன், சாதுசரண் என்னும் குடியானவன், அவன் மகள் கேஷத்திரமணி. எதிரே உட், ரோக் என்னும் இரு துரைமார். அவர்களுடைய தோல் சவுக்குக்குச் 'சியாம்சந்த்' என்று பெயர். கண்ணனின் திருப்பெயர்களில் ஒன்று! கோலோகர் பொய் வழக்கில் சிறைப்பட்டு அங்கே தூக்கிட்டுக் கொள்கிறார். நவீன் அடிபட்டு மடிகிறான். தாய் பித்துப் பிடித்து மருமகளைக் கொல்கிறாள். கருவுற்றிருந்த கேஷத்திரமணியை ரோக் துரை தன் அறைக்குக் கொண்டு வரச் செய்து துன்புறுத்த, அவளும் இறக்கிறாள். கடைசிக் காட்சிகளில் பிணங்கள் மிகுதி. நாடக இலக்கணம் தெரிந்தவர் முகம் சுளிப்பர். மேல்குடி மாந்தர் பேசும் பேச்சு வடமொழிச் சொற்கள் மலிந்து விறைத்து நிற்கிறது. ஆனால் ஏழைகள் வாய் திறந்தால் நாடகம் உயிர் பெறுகிறது. அவர்களுள் தோராப் என்னும் முசுலிம் குடியானவன் தனிச் சிறப்புடையவன். கிடங்கில் அடைத்து உதைத்தும், உப்பிட்டவருக்கு எதிராகப் பொய்ச் சாட்சி சொல்ல அவன் மனம் இசையவில்லை. கேஷத்திரமணியை மீட்க நவீன் ஓடியபோது உடன் ஓடியவனும் அவனே. ரோக்கைப் பிடித்து அடித்தவனும் அவனே.

கல்கத்தாவில் ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியார் இருந்தார். அயர்லாந்தில் பிறந்தவர், 1840-இல் இந்தியா வந்தவர். வங்காளி நூல்கள் 1400-க்கு விளக்க அட்டவணை தொகுத்து 1855-இல் வெளியிட்டவர். மக்கள் தம் மொழியில் எழுதுவதை ஆள்வோர் படித்திருந்தால் 1857 திடீரென்று வந்திராது என்பது அவருடைய உறுதியான கருத்து. அவர் மேற்பார்வையில் நாடகம் ஆங்கிலமாயிற்று. மொழிபெயர்த்தவர் கவிஞர் மதுசூதன தத்தர் என்பது பங்கிம் சந்திரர் முதலாக வந்த வழக்கு. பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் அதனை ஐயுறுகின்றனர். 1861-இல் 500 படிகள் அச்சாயின. வங்காள சர்க்காரின் செயலாளரும் நீல விசாரணைக் குழுவின் தலைவருமாயிருந்த சீட்டன்-கார், அவற்றுள் இருநூறுக்கு மேற்பட்டவற்றை அரசாங்க முத்திரையிட்ட உறையில் அனுப்பி வைத்தார்.

துரைமார் கொதித்தெழுந்தனர். அச்சிட்டவர் மீது வழக்கு வந்தபோது, வெளியிட்டவர் தாமே என்று லாங் முன்வந்தார். 1861 ஜூலையில் கல்கத்தா நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. தோட்ட முதலாளிகளையும், அவர்களை ஆதரித்த 'இங்கிலீஷ்மேன்' என்ற செய்தித்தாளின் ஆசிரியரையும் இழிவுபடுத்தியதாகக் குற்றச்சாட்டு. மொழிபெயர்த்தவர் பெயரை லாங் வெளியிடவில்லை. நீதிபதி மார்டண்ட் வெல்ஸ் அவருக்கு ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதித்தார். அபராதத்தை நீதிமன்றத்திலேயே செலுத்தியவர் காளிபிரசன்ன சிங்கர். பிற்காலத்தில் மகாபாரதம் முழுவதையும் வங்க உரைநடையில் கொண்டு வந்தவர். சீட்டன்-காரும் கண்டனத்துக்கு ஆளாகிச் செயலாளர் பதவியை விட்டு விலக நேர்ந்தது.

இவ்விடத்தில் ஒன்று சிந்திக்கத்தக்கது. வங்காளி மூலத்தின் மீது வழக்கில்லை. அதனை எழுதியவர் மீதும் வழக்கில்லை; அவர் தம் அலுவலில் தொடர்ந்து, 1871-இல் ராய் பகதூர் பட்டமும் பெற்றார். அதே சொற்கள் ஆங்கிலமாகி இங்கிலாந்துக்குப் போகும் அஞ்சலில் ஏறியபோதுதான் குற்றமாயின. எழுதியது என்ன என்பதைவிட, யார் செவியில் விழுகிறது என்பதே அதிகாரத்தைச் சுட்டது. ஆற்றங்கரையில் நின்ற உழவரின் குரல் கிராண்டின் படகு வரையில் எட்டியது. நூல் அதனைக் கடல் கடந்து கொண்டு செல்ல முயன்றது. நூலின் பணி அதுவே என்பேன். சிறிய பணியன்று, ஆனால் முதற்பணியுமன்று.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. ஆள்வோர் செவியை நாடிய நூல், ஆள்வோரின் நல்லெண்ணத்தை நம்பியது. தம் முன்னுரையில் தீனபந்து, மகாராணியும் கானிங்கும் கிராண்டும் நீதி வழங்குவர் என்று பெருநம்பிக்கை கொள்கிறார். வரலாற்றறிஞர் ரணஜித் குஹா 1974-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், உழவரின் கிளர்ச்சியை இந்நாடகம் படித்த நடுத்தர வகுப்பாரின் கண்ணாடியில் காட்டியது என்று கடுமையாக ஆராய்ந்தார். அக்கடுமை பெரும்பாலும் நியாயமே. சௌகாச்சாவின் திரண்ட உழவர் நாடகத்தில் இல்லை; துன்புறும் நல்ல குடும்பமே நடுவில் நிற்கிறது. எனினும் தோராப்பை மறந்துவிட முடியாது.

மேடை ஏறியபோது இது விளங்கிற்று. 1872 டிசம்பர் 7-ஆம் நாள் கல்கத்தாவில் நேஷனல் தியேட்டர் கட்டணம் பெற்றுக் கொண்டு முதன்முதலாக நடித்த நாடகம் நீல தர்ப்பணமே. முன்னுரையை மேடையில் யாரும் படிப்பதில்லை. மகாராணியின் கருணை அங்கே காணோம். தோராப்பின் கைதான் தெரிகிறது. 1875-இல் கிரேட் நேஷனல் தியேட்டர் குழுவினர் லக்னோவில் நடித்தபோது, தோராப் துரையை மடக்கும் காட்சியில் வெள்ளையர் சிலர் வாளை உருவிக்கொண்டு மேடைமேல் தாவினர். ஆட்டம் நின்றது, குழுவினர் ஊரை விட்டு ஓடினர். உடன் நடித்த வினோதினி என்னும் நடிகை தம் வரலாற்றில் இதனை எழுதியிருக்கிறார்.

மறு ஆண்டு சர்க்கார் நாடகச் சட்டம் கொண்டு வந்தது. உடனடிக் காரணம் வேல்ஸ் இளவரசர் வருகையை ஒட்டிய நையாண்டி நாடகம் ஒன்று. தேயிலைத் தோட்டக் கொடுமையைக் காட்டிய 'சாகர் தர்ப்பணம்' என்ற நாடகமும் கருத்தில் இருந்தது. அதன் பெயரே எதன் வழி வந்தது என்பதைச் சொல்லும். 1876-ஆம் ஆண்டின் அச்சட்டம் நாடகத்தைத் தடை செய்யும் அதிகாரத்தை அலுவலர் கையில் கொடுத்தது. வெள்ளையர் போன பின்னும் சட்டம் போகவில்லை. சென்னை மாநிலம் 1954-இல் தனக்கென ஒரு நாடகச் சட்டமே இயற்றிக்கொண்டது. அதனைச் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்தது 2013-இல்தான். பழைய சட்டமோ 1953-இல் லக்னோவில் மீண்டும் ஒரு நாடகக் குழுவின் மீது பாய்ந்தது. அவர்கள் நடித்தது பிரேம்சந்தின் 'ஈத்கா'. திருநாள் சந்தையில் தனக்கென்று ஒன்றும் வாங்காமல், ரொட்டி சுடும்போது பாட்டியின் கை வெந்து போகாதிருக்க இடுக்கி வாங்கி வந்த சிறுவனின் கதை. 1956-இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானதென்று கூறிற்று. சட்டப் புத்தகத்திலிருந்து அது நீக்கப்பட்டது 2018-ஆம் ஆண்டில்.