கருநாடக இசையில் கேள்வி ஞானமும் சுரதாளக் குறிப்பும்

எழுதப்பட்ட இசையைப் பார்த்தவுடன் வாசிப்பது ஒரு திறன். காதால் கேட்டதைத் திருப்பி இசைப்பது மற்றொரு திறன். ஐரோப்பியச் செவ்விசைப் பயிற்சியில் முதலாவது திறன் முக்கிய இடம் பெறுகிறது. கருநாடக இசை நீண்ட காலம் இரண்டாவதைச் சார்ந்தே வளர்ந்தது. கேட்டுக் கேட்டே பெறும் இசையறிவு கேள்வி ஞானம் எனப்படும். குருவழியாக வந்துசேரும் பாடல் வடிவம் பாடாந்தரம் எனப்படும்.

செவிவழிக் கற்றலின் இடர்

ஒரே கீர்த்தனை வெவ்வேறு சீடர் பரம்பரைகளில் வெவ்வேறு வடிவம் பெற்றது. சீடருக்குக் கற்பிக்காமல் ஒரு வித்துவான் மறைந்தால், அவர் மட்டும் அறிந்திருந்த பாடல்களும் அவருடன் மறைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சுத் தொழில் பரவியபோது, பாடல்களைச் சுரக் குறிப்புடன் பதிப்பிக்கும் முயற்சிகள் தொடங்கின.

ஏட்டில் ஏறிய இசை

சென்னையைச் சேர்ந்த ஏ. எம். சின்னசாமி முதலியார், 1890களில் கருநாடகக் கீர்த்தனைகளை ஐரோப்பியக் கோட்டுக் குறியீட்டில் அச்சிட்டார். முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளையும் பதிவு செய்ய விரும்பிய அவர், எட்டயபுரம் சமஸ்தான வித்துவான் சுப்பராம தீட்சிதரை (1839–1906) நாடினார். சுப்பராமர், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமியின் பேரன். அவருக்கே சுவீகார புத்திரருமானவர். குடும்பச் சொத்தாகக் காக்கப்பட்ட பாடல்களை வெளியிட அவர் இசைந்தார். எட்டயபுரம் அரசரின் ஆதரவில் 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கு எழுத்தில் வெளிவந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் இருநூறுக்கும் மேற்பட்ட கிருதிகள் அதில் உள்ளன.

குறிப்பின் எல்லை

சுர எழுத்துகள் மட்டும் போதா என்பதைச் சுப்பராம தீட்சிதர் உணர்ந்திருந்தார். எனவே கம்பிதம், நொக்கு, ஸ்புரிதம், ஜாரு முதலிய கமகங்களுக்குத் தனித்தனி அடையாளங்களை அந்நூலில் பயன்படுத்தினார். ஆயினும் அந்த அடையாளங்களின் ஒலியையும் ஒருவர் முன்பே கேட்டு அறிந்திருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, தோடி, பைரவி ஆகிய இரு ராகங்களிலும் வருவது சாதாரண காந்தாரமே. எழுத்தில் இரண்டும் 'க' தான். பாடும்போது அசைவு வேறு. அவ்விரு ராகங்களையும் கேட்டிராதவர் ஏட்டை மட்டும் பார்த்து அந்த வேறுபாட்டைக் கொண்டுவர இயலாது.

இன்றைய நிலை

இன்று மாணவர்கள் சுரதாளக் குறிப்பை நோட்டில் எழுதிக்கொண்டு, கமகங்களைக் குருவிடமும் ஒலிப்பதிவுகளிலும் கேட்டுப் பழகுகின்றனர். பாடல் மறந்துபோகாமல் ஏடு காக்கிறது. ராகத்தின் சாயல் மாறாமல் செவி காக்கிறது. 1904ஆம் ஆண்டு நூலை இன்று பிரித்துப் பாட முனைபவருக்கும் இவ்விரண்டும் தேவைப்படுகின்றன.