பாலை என்னும் பாடசாலை

உமையா மரபின் கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான் (ஆட்சி: ஹிஜ்ரி 65-86, கி.பி. 685-705) தம் மைந்தர் வலீதைப் பற்றி ஒரு மனக்குறையைச் சுமந்திருந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். பட்டத்துக்கு உரியவர் வலீத். ஆனால் அவர் வாய் திறந்தால் அரபு மொழியின் இலக்கணம் சிதைந்தது. சொல்லின் இறுதியில் வரவேண்டிய உயிரொலியை மாற்றி ஒலித்துவிடுவார். அரபு மொழியிலோ அந்த ஓர் ஒலி மாறினால் அடித்தவன் அடிபட்டவனாகி விடுவான். மிம்பரில் ஏறி மக்களிடம் பேச வேண்டிய ஒருவருக்கு இது சிறு குறையன்று. தந்தை அந்தப் பழியைத் தம் மீதே ஏற்றுக் கொண்டார். மகன் மீது வைத்த பாசத்தால் அவனைப் பாலைக்கு அனுப்பாமல் அருகிலேயே வைத்துக் கொண்டோம், அந்தப் பாசமே அவனுக்குத் தீங்காயிற்று என்பது அவர் கூற்றின் சாரம்.

இதன் பின்கதை இன்னும் சுவையானது. குறையை நீக்கிக் கொள்ள எண்ணிய வலீத், இலக்கண வல்லுநர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு வீட்டுக்குள் ஆறு மாதம் அடைந்து கிடந்தாராம். வெளியே வந்தபோது, போனபோது இருந்ததைவிட மோசமாகப் பேசினாராம். கதை கட்டியவர்கள் சற்றே மிகைப்படுத்தியிருக்கலாம். வலீத் ஆற்றலற்றவர் அல்லர். திமிஷ்கின் பெரும் பள்ளிவாசலை எழுப்பியவர் அவரே. அந்துலுஸும் சிந்துவும் இஸ்லாமிய ஆட்சிக்குள் வந்ததும் அவர் காலத்திலேதான். ஆயினும் நான்கு சுவர்களுக்குள் ஆறு மாதம் ஓதியும் வராத ஒன்று, வெட்டவெளியில் ஆடு மேய்க்கும் சிறுவனுக்குத் தானாக வந்திருந்தது என்பதை அன்றைய அரபிகள் நன்கு அறிந்திருந்தனர்.

நகரத்துப் பிள்ளைகளைப் பாலைக்கு அனுப்பி வளர்க்கும் இந்த வழக்கம் இஸ்லாத்துக்கும் முந்தியது. மக்காவின் குறைஷிக் குடும்பத்தார் கைக்குழந்தைகளைப் பாலைவாழ் குலத்துச் செவிலித் தாயரிடம் ஒப்படைப்பர். நகரத்தின் நெருக்கமும் நோயும் தீண்டாமல் பிள்ளை உடலுறுதி பெறவேண்டும், கலப்பில்லாத அரபு நாவில் படிய வேண்டும் என்பன அதன் நோக்கங்கள். நம் நபி பெருமானார் (ஸல்) அவர்கள் பனூ ஸஅத் குலத்து அன்னை ஹலீமா அவர்களின் கூடாரத்தில் சில ஆண்டுகள் வளர்ந்ததை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். பால் அருந்திய கதையை மட்டும் சொல்லி நாம் நிறுத்திக் கொள்கிறோம். பால்குடி மறந்த பிறகும் அங்கே இருந்து, பால்குடிச் சகோதரருடன் ஆட்டுக்குட்டிகளின் பின்னே திரிந்த சிறுவரைப் பற்றி மௌலிது மஜ்லிஸ்களில் அதிகம் பேசுவதில்லை. தாம் சிறு கூலிக்கு மக்காவாசிகளின் ஆடுகளை மேய்த்ததைப் பெருமானார் (ஸல்) அவர்களே பிற்காலத்தில் கூறியிருக்கின்றார்கள்.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் இளமையும் இவ்வழியில் சென்றதே. ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) காஸாவில் பிறந்து, தந்தையை இழந்த நிலையில் தாயாரால் மக்காவுக்குக் கொண்டு வரப்பட்டவர் அவர். அங்கிருந்து ஹுதைல் குலத்தாரிடம் சென்று தங்கினார். அவர்கள் பெயர்ந்தபோது தாமும் பெயர்ந்தார், இறங்கியபோது தாமும் இறங்கினார். அக்குலத்தின் கவிதைகள் அவருக்கு மனப்பாடமாயின. பிற்காலத்தில் அஸ்மஈ போன்ற மொழிப் பேரறிஞரே ஹுதைல் கவிதைகளை இந்த இளைஞரிடம் சரிபார்த்துக் கொண்டதாகக் கூறுவர். அம்பு எய்வதிலும் இமாமவர்கள் தேர்ந்திருந்தார்கள். பத்து அம்பு எய்தால் பத்தும் குறி தப்பாதாம். வெயிலில் நெடுநேரம் நின்று பழகியதால் காச நோய் வந்துவிடும் என்று மருத்துவர் ஒருவர் எச்சரிக்கும் அளவுக்கு அதில் ஆர்வம் இருந்ததாம். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் ஊர்ப் பிள்ளைகள் அவர்களுடைய மஸ்அலாக்களை அறிந்த அளவுக்கு இந்த வில்லை அறியமாட்டார்கள்.

வளர்ந்த பின் பாலைக்குப் போனவர்களும் உண்டு. ஏழு கிராஅத் இமாம்களில் ஒருவரான கிஸாஈ (மறைவு: ஹிஜ்ரி 189) பஸ்ராவுக்கு வந்து கலீல் இப்னு அஹ்மதின் பாடத்தில் அமர்ந்தார். இவ்வளவு அறிவையும் எங்கிருந்து பெற்றீர்கள் என்று வினவினார். ஹிஜாஸ், நஜ்து, திஹாமா பாலைகளிலிருந்து என்றார் ஆசான். கிஸாஈ உடனே புறப்பட்டார். நாடோடி அரபிகளிடம் கேட்டுக் கேட்டு எழுதியதில் பதினைந்து புட்டி மை தீர்ந்ததாம். மனத்தில் பதித்தது தனி. அவர் திரும்பி வந்தபோது ஆசான் கலீல் உயிருடன் இல்லை.

இவர்கள் அனைவரினும் எம் உள்ளத்தை அதிகம் தொட்டவர் அஸ்ஹரீ. ஹிராத் நகரத்தில் ஹிஜ்ரி 282இல் பிறந்த இவர், முப்பது வயதளவில் ஹஜ்ஜுக்குச் சென்றார். ஹிஜ்ரி 312இல் (கி.பி. 924) ஹஜ்ஜை முடித்துத் திரும்பிய பயணக் கூட்டத்தைக் கராமிதா கலகக்காரர்கள் வழிமறித்தனர். பலர் மாண்டனர். அஸ்ஹரீ சிறைப்பட்டார். அவர் யாருடைய பங்கில் விழுந்தாரோ அவர்கள் பெரும்பாலும் ஹவாஸின் குலத்தார். தமீம், அஸத் குலத்தாரும் அவர்களுடன் கலந்திருந்தனர். எழுத்தறியாத அந்த மக்கள் மழை பெய்த இடம் தேடி மந்தையோடு நகர்வார்கள். கோடையில் தங்கள் கிணறுகளுக்குத் திரும்புவார்கள். கால்நடை தரும் பாலில் உயிர் வாழ்வார்கள். அஸ்ஹரீ நெடுங்காலம் அவர்களிடையே கிடந்தார். தஹ்னா மணல்வெளியில் குளிர்காலம், ஸம்மான் மேட்டில் வசந்தம், ஸிதாரைன் கிணற்றடியில் கோடை என அவர் வாழ்வு சுழன்றது. அந்த மக்களின் பேச்சில் பிழை காண்பதே அரிது என்பதை அவர் கண்டுகொண்டார். காற்றின் வகை, மணலின் வகை, ஒட்டகத்தின் நடை, ஈன்ற ஆட்டின் நிலை ஆகிய ஒவ்வொன்றுக்கும் அவர்கள் வழங்கிய சொற்களை, பொருளைக் கண்ணால் கண்டபடியே செவியால் கேட்டார்.

விடுதலை பெற்று ஊர் திரும்பிய பின் அவர் எழுதிய பேரகராதியே ‘தஹ்தீபுல் லுகா’. கெய்ரோவில் 1964 முதல் அச்சேறியபோது அது பதினைந்து பாகங்களாக விரிந்தது. நம் மத்ரஸா அலமாரிகளில் இருக்கும் ‘லிஸானுல் அரப்’ என்னும் அகராதியை இயற்றிய இப்னு மன்ழூர் தமக்கு ஆதாரமாகக் கொண்ட ஐந்து நூல்களுள் இதுவும் ஒன்று. சிறைவாசம் ஒரு மனிதருக்குக் கல்லூரியாயிற்று என்று எளிதாகச் சொல்லிவிடலாம். கூட வந்த ஹாஜிகள் வெட்டுண்டு கிடந்ததைப் பார்த்தவர் அவர்; அதனை நற்பேறு என்று நாம் கூற மாட்டோம். எனினும் அஸ்ஹரீ தம் நூலின் முன்னுரையில் அந்தக் காலத்தை நினைவுகூரும்போது கசப்பைக் காட்டவில்லை. அவர்களிடம் தாம் பெற்ற பயனையே எழுதியிருக்கின்றார்.

மாணவர் தங்கிப் பயிலும் மத்ரஸாக்கள் பின்னர் பெருகின. பக்தாதில் நிழாமிய்யா ஹிஜ்ரி 459இல் (கி.பி. 1067) திறக்கப்பட்டது. அதே நகரத்தில் திஜ்லா நதிக்கரையில் கலீஃபா முஸ்தன்ஸிர் எழுப்பிய முஸ்தன்ஸிரிய்யா ஹிஜ்ரி 631இல் (கி.பி. 1234) திறந்தபோது, நான்கு மத்ஹபுகளுக்கும் தலைக்கு 62 மாணவர் வீதம் 248 பேருக்கு இடம் ஒதுக்கப்பட்டது. உணவு, உதவித் தொகை, குளியலறை, மருத்துவர் என எல்லாம் வக்ஃபின் செலவு. ஏழைப் பிள்ளை உயர்கல்வி பெற இதைவிடச் சிறந்த வழியை எந்தச் சமுதாயமும் அன்று கண்டதில்லை என்று தோன்றுகின்றது. எம் போன்றோர் ஓதியதும் அந்த ஏற்பாட்டின் நிழலிலேதான். ஆகவே விடுதியைக் குறை கூற எமக்கு நாவெழாது.

ஆனால் ஒன்று நிகழ்ந்தது. கிதாபும் அறையும் சோறும் பாலையின் இடத்தைப் பிடித்துக் கொண்டன. சொல் அகராதிக்குள் வந்து சேர்ந்த பின், சொல் பிறந்த வெளிக்குப் போக வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. இந்த ஆபத்தை உணர்ந்தவர்கள் அக்காலத்திலும் இருந்தனர். நிழாமிய்யாவிலேயே தலைமை ஆசிரியராக இருந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், சிறுவன் பகலில் சிறிது நேரம் நடந்தும் ஓடியும் உடலை இயக்க வேண்டும் என்றும், ஓதி முடித்த பின் விளையாட விட வேண்டும் என்றும், விளையாட்டைத் தடுத்துப் பாடத்திலேயே அழுத்தினால் அவன் உள்ளம் செத்து அறிவு மங்கிவிடும் என்றும் ‘இஹ்யா’வில் எழுதியுள்ளார்கள். மாணவர் மீது கடுமை காட்டினால் பொய்யும் சோம்பலும்தான் விளையும் என்று இப்னு கல்தூன் எழுதியதும் இதற்கு அண்மையான கருத்தே. நம் மத்ரஸாக்களில் இஹ்யா ஓதப்படுகின்றது. இந்தப் பகுதி வரும்போது மட்டும் எவரும் அஸருக்குப் பின் வெளிக்கதவைத் திறந்து விடுவதில்லை.

வேறொரு காலத்தில், வேறொரு நாட்டில், இதே சிந்தனை கடலை நோக்கிச் சென்றது. இரண்டாம் உலகப் போரின்போது, குண்டுபட்டு மூழ்கிய கப்பல்களிலிருந்து உயிர்காக்கும் படகுகளில் தப்பியவர்களில் வயது முதிர்ந்த மாலுமிகள் தாக்குப்பிடிக்க, வலிய இளைஞர்கள் மடிவதாக லாரன்ஸ் ஹோல்ட் என்ற ஆங்கிலேயக் கப்பல் முதலாளி கண்டார். முதியவர்கள் பாய்மரக் கப்பலில் பழகியவர்கள். காற்றோடும் அலையோடும் போராடித் தம் மீது நம்பிக்கை பெற்றவர்கள். ஜெர்மனியிலிருந்து ஹிட்லரின் ஆட்சியால் வெளியேறி ஸ்காட்லாந்தில் விடுதிப் பள்ளி நடத்தி வந்த கர்ட் ஹான் என்ற கல்வியாளருடன் சேர்ந்து, 1941இல் வேல்ஸ் நாட்டின் அபர்டோவி என்னும் கடற்கரை ஊரில் ஒரு பயிற்சிப் பள்ளியை அவர் தொடங்கினார். ஏறத்தாழ நான்கு வாரம் படகும் மலையும்தான் பாடம். இதனை நம் முன்னோரிடமிருந்து அவர்கள் கற்றார்கள் என்று மேடையில் முழங்குவோர் உண்டு. அப்படி எந்தத் தொடர்பும் இருப்பதாக நாம் அறியோம். பிள்ளைகளைக் கூர்ந்து கவனித்தவர்கள் எங்கிருந்தாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றனர்; அவ்வளவே.

நாம் ஓதிய காலத்தில் ஒட்டகத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட அரபுப் பெயர்களை ஒப்பித்தோம், ஒட்டகத்தைக் கண்டதில்லை. எங்கள் உஸ்தாதுகளில் ஒருவர் மட்டும் வியாழக்கிழமை அஸருக்குப் பின் எங்களை ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்வார். நீர், நுரை, சேறு, நாணல், கரை ஏறும் நண்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் அரபியில் சொல்ல வைப்பார். நீந்தத் தெரியாதவர்களுக்குத் தாமே இடுப்பளவு நீரில் நின்று கற்றுத் தருவார். பிள்ளைகளை நீந்தவும் அம்பெய்யவும் குதிரையேறவும் பழக்குங்கள் என்று உமர் (ரலி) அவர்கள் பெயரால் வழங்கும் அறிவுரையை அப்போது சொல்லிச் சிரிப்பார். ஆலிமுக்கு ஏற்ற கண்ணியம் இதில் இல்லை என்று ஊரார் சிலர் முறையிட, ஒரு வருடத்துக்குள் அது நின்று போயிற்று. அந்த ஓராண்டில் நாம் கற்ற சொற்கள் இன்றும் மறக்கவில்லை. ஒட்டகத்தின் பெயர்களில் இன்று ஏழெட்டுத்தான் நினைவில் இருக்கின்றன.

இதையெல்லாம் இப்போது எழுதத் தூண்டியது அண்மையில் எம்மிடம் வந்த ஒரு கேள்வி. எமக்கு நன்கு தெரிந்த ஒரு மத்ரஸாவின் பின்புறத் திடலில் வரிசையாகக் கடைகள் கட்டி வாடகைக்கு விடலாமா என்று அதன் பொறுப்பாளர்கள் ஆலோசனை கேட்டனர். அவர்கள் நல்லவர்கள். அரிசி விலையும் பருப்பு விலையும் ஏறிவிட்ட நிலையில் அறுபது பிள்ளைகளுக்கு மூன்று வேளை சோறு போட வேண்டிய கவலை அவர்களுக்கு. வக்ஃபின் வருமானத்தைப் பெருக்குவது நற்செயலே என்று அவர்கள் கூறியதை நாம் மறுக்கவில்லை. அந்தத் திடலில்தான் பிள்ளைகள் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே பந்து விளையாடுகின்றனர். அந்த விடுதியில் வானம் தெரியும் இடமும் அது ஒன்றே. தெருமுகப்பில் இருக்கும் பழைய அறைகளை இடித்துக் கடை கட்டுங்கள், குறையும் தொகைக்கு ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி கேளுங்கள், முதல் மூட்டை எம்முடையது என்று எழுதி அனுப்பியிருக்கின்றோம்.

மறுமொழி இன்னும் வரவில்லை. ஷவ்வாலில் மத்ரஸா திறக்கும். பிள்ளைகள் பெட்டியும் பாயுமாக வந்து இறங்குவார்கள். அதற்குள் முடிவு செய்து விடுவதாகச் சொல்லியிருக்கின்றார்கள்.