வெஸ்டர்போர்க் முகாம்

நெதர்லாந்தின் வடகிழக்கே, டிரெந்தே மாகாணத்தின் புதர் மண்டிய பொட்டல்வெளியில் அமைந்திருந்த வெஸ்டர்போர்க் முகாம், 1942 ஜூலை முதல் 1944 செப்டம்பர் வரையில் அந்நாட்டு யூதர்களை நாஜிகளின் கொலைக்களங்களுக்கு ரயிலேற்றி அனுப்பிய இடைத்தங்கல் முகாமாகும். ஜெர்மனியில் 1938 நவம்பரில் யூதர்களின் ஆலயங்கள் தீக்கிரையாக்கப்பட்டபின் உயிர் தப்பி ஓடிவந்த அகதிகளுக்கு அடைக்கலமாக டச்சு அரசாங்கமே இதனை நிர்மாணித்தது. முதல் அகதிகள் 1939 அக்டோபரில் வந்து சேர்ந்தனர். நிர்மாணச் செலவை அந்நாட்டு யூத சமூகத்தார்மீதே சுமத்தியது அநியாயம் என்பதில் ஐயமில்லை.

1940 மே மாதம் ஜெர்மானியப் படை நாட்டைக் கைப்பற்றியது. மறு ஆண்டின் தொடக்கத்தில் யூதர் அனைவரும் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்று ஆணை பிறந்தபோது, சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து பழகிய அந்த ஜனங்கள், ஏறத்தாழ 1,40,000 பேர், தம் பெயரையும் விலாசத்தையும் தாமே எழுதிக் கொடுத்தனர். அவ்வாண்டு பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் தொழிலாளர்கள் யூதர்களுக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த வீரச்செயலை ஜெர்மானியர் இரண்டே நாளில் நசுக்கிவிட்டனர்.

முகாம் 1942 ஜூலை 1-இல் ஜெர்மானியர் வசமாயிற்று. முதல் ரயில் ஜூலை 15-இல் ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்குப் புறப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் தலைமையேற்ற ஆல்பர்ட் கெம்மெக்கர், அடித்து உதைத்து வேலை வாங்குபவன் அல்லன். அவன் ஆட்சியில் முகாமுக்குள் பெரிய ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் நாடகமேடையும் நடந்தன. நோயாளிகள் சிரத்தையுடன் பராமரிக்கப்பட்டுப் பின்னர் சரக்கு வண்டியில் ஏற்றப்பட்டனர். எத்தனை பேர் வேண்டுமென்பது மேலிடத்து உத்தரவாக வரும். யார் யாரென்று பட்டியல் தயாரிக்கும் கொடுமை முகாமிலிருந்த யூத நிர்வாகிகள்மீதே விழுந்தது. பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில் ரயில் புறப்படுமாதலால், முந்தின இரவு கொட்டகைகளில் பெயர்கள் வாசிக்கப்படும்போது அனுபவித்த வேதனையை அங்கிருந்தோர் பலர் எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு அனுப்பப்பட்டனர். 245 சின்டி, ரோமா இனத்தவரும் அவர்களுடன் அனுப்பப்பட்டனர். ஏறக்குறைய 60,000 பேர் ஆஷ்விட்ஸுக்குச் சென்றனர். 1943 மார்ச் முதல் ஜூலை வரை 19 ரயில்களில் சோபிபோர் கொலைக்களத்துக்குச் சென்ற 34,313 பேரில் உயிர் தப்பியவர் 18 பேரே. நாடெங்கிலுமிருந்து கடத்தப்பட்ட சுமார் 1,07,000 யூதர்களில் மீண்டவர் ஏறத்தாழ 5,000 பேர்.

நாட்குறிப்பு எழுதிய சிறுமி ஆன் பிராங்க்கின் குடும்பத்தாரைச் சுமந்த ரயில் 1944 செப்டம்பர் 3-இலும், இறுதி ரயில் 13-இலும் புறப்பட்டன. லண்டனில் அடைக்கலம் புகுந்திருந்த டச்சு அரசாங்கத்தின் கட்டளைப்படி ரயில்வே ஊழியர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் தொடங்கியது அதற்குப் பின்னர், 17-ஆம் தேதியன்றுதான். நேசநாட்டுப் படையின் முன்னேற்றத்துக்கு உதவுவதே அதன் நோக்கம். கனடியப் படை 1945 ஏப்ரல் 12-இல் வந்தடைந்தபோது முகாமில் 876 பேர் எஞ்சியிருந்தனர். கெம்மெக்கர், ரயில்கள் சென்றடைந்த இடத்தில் நடந்தது தனக்குத் தெரியாதென்று நீதிமன்றத்தில் சாதித்தான். 1949-இல் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்று, 1951-இலேயே விடுதலையானான்.