விருதுக்கு முன்னால் ஒரு கடிதம்

தேக்கா பக்கம் போகிறவர்கள் பூக்கடைகளைப் பார்க்காமல் திரும்ப முடியாது. அங்கே வாங்கிய மாலை மாலையில் ஏதோ ஒரு மேடை ஏறும். மாலை பெற்றவரின் படமும் போட்டவரின் பெயரும் பத்திரிகையில் வரும். மாலையைத் தொடுத்த கை யாருடையது என்று யாரும் கேட்பதில்லை.

அறிவியல் விருதுகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். விருது பெற்றவரை உலகம் அறிகிறது. அவருடைய பெயரை முதலில் எழுதி அனுப்பியவரை அறிவதில்லை.

2026 ஜனவரியில் சிங்கப்பூர் எக்ஸ்போ அரங்கில் செயற்கை நுண்ணறிவு வல்லுநர்களின் அனைத்துலக மாநாடு ஒன்று நடந்தது. 1980ல் தொடங்கிய 'ஏஏஏஐ' மாநாட்டு வரிசையில் அது 40வது. அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளைத் தாண்டி அது நடந்தது அதுவே முதல் முறை. இத்தகைய மாநாடுகளில் விருதுகளும் அறிவிக்கப்படுவது வழக்கம். வாழ்நாள் பணிக்கான விருது என்றால், பெரும்பாலும் யாரோ ஒருவர் முன்கூட்டியே உட்கார்ந்து பரிந்துரைக் கடிதம் எழுதியிருக்க வேண்டும்.

கணினித் துறையின் ஆக உயரிய விருதான டூரிங் விருதையே எடுத்துக்கொள்வோம். 1966 முதல் வழங்கப்படும் இவ்விருதுக்குத் தன் பெயரைத் தானே அனுப்ப முடியாது. வேறொருவர் பரிந்துரைக்க வேண்டும். துறை அறிந்த மற்றவர்கள் ஆதரவுக் கடிதம் தர வேண்டும். "இவர் பெரிய அறிஞர்" என்று புகழ்ந்தால் போதாது. இன்னதைச் செய்தார், அதனால் துறை இப்படி மாறியது என்று காட்ட வேண்டும். செயற்கை நுண்ணறிவுக்காக மார்வின் மின்ஸ்கி 1969லும், ஜான் மெக்கார்த்தி 1971லும், ஆலன் நியூவெல், ஹெர்பர்ட் சைமன் இருவரும் 1975லும் அதைப் பெற்றார்கள்.

1994ல் எட்வர்ட் ஃபைகன்பாமுடன் இவ்விருதைப் பகிர்ந்துகொண்டவர் ராஜ் ரெட்டி. ஆசியாவில் பிறந்தவர்களில் இதைப் பெற்ற முதல் அறிஞர் அவர். 1937ல் அன்றைய சென்னை மாகாணத்தில், இன்று ஆந்திராவில் உள்ள காட்டூர் கிராமத்தில் பிறந்தவர். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958ல் பட்டம் பெற்றார். ஆஸ்திரேலியாவில் மேற்படிப்பு முடித்து, ஸ்டான்ஃபோர்டில் மெக்கார்த்தியிடம் ஆய்வு செய்து 1966ல் முனைவரானார். மனிதர் பேசுவதைக் கணினி புரிந்துகொள்ளும் ஆய்வுக்கு வழி திறந்தார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ரோபாட்டிக்ஸ் கழகத்திற்கு 1979ல் முதல் இயக்குநரானார். அவருடைய ஆய்வை அருகிலிருந்து பார்த்த ஆசிரியர்களும் சகாக்களும் மாணவர்களும் உலகின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் இருந்தார்கள்.

அதே கிண்டிக் கல்லூரியில் அவருக்கு முன்னால் படித்தவர், சென்னையில் பிறந்த ரங்கசாமி நரசிம்மன். 1954ல் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆய்வுக் கழகத்தில் சேர்ந்து, இந்தியாவிலேயே உருவான 'டிஃப்ராக்' கணினியின் பணிக்குத் தலைமை தாங்கினார். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் புதிய ஆய்வொன்றைச் செய்தார். ஒரு வாக்கியத்தை இலக்கணம் கொண்டு பிரிப்பதுபோல, ஒரு படத்தையும் இலக்கணம் கொண்டு பிரித்துக் கணினிக்குப் புரியவைக்கலாம் என்பது அவர் வகுத்த முறை. பிறகு பம்பாய்க்கே திரும்பினார். இந்திய அரசு 1977ல் பத்மஸ்ரீ வழங்கியது. டூரிங் விருது அவருக்குக் கிட்டவில்லை. 2007ல் அவர் காலமானார்.

இருவரில் யார் பெரியவர் என்பது இங்கே கேள்வி அல்ல. ஆனால் 1994 வரை டூரிங் விருது பெற்றோரில் பெரும்பாலோர் அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ பணியாற்றியவர்கள். தொலைவில் இருந்து உழைத்தவரின் பணி குடத்திலிட்ட விளக்காகிவிடுவது எளிது. அதைக் குன்றின்மேல் ஏற்றி வைக்க இன்னொரு கை வேண்டும்.

இதை நன்கு உணர்ந்திருந்தவர் சர் சி. வி. ராமன். 1928ல் தம் கண்டுபிடிப்பை அச்சிட்ட கையோடு, அதன் படிகளை உலகெங்கும் இருந்த அறிவியலாளர்களுக்கு அனுப்பிவைத்தார். 1930 நோபெல் பரிசுக்கு அவரைப் பரிந்துரைத்தவர்களில் நீல்ஸ் போரும் ரதர்ஃபோர்டும் இருந்தார்கள். படித்துப் பார்க்க ஏதோ ஒன்று கையில் இருந்ததால்தானே அவர்களும் எழுத முடிந்தது!

கடிதம் தாமதமானால் என்ன ஆகும்? நரம்பணு வலைப்பின்னல்களுக்குப் பாடம் புகட்டும் முறையைப் புகழ்பெறச் செய்த 1986ஆம் ஆண்டுக் கட்டுரையில் முதல் பெயர் டேவிட் ரூமல்ஹார்ட். இரண்டாவது பெயர் ஜெஃப்ரி ஹின்டன். ஹின்டன் 2018ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பகிர்ந்துகொண்டார். 2024ல் இயற்பியல் நோபெல் பரிசும் பெற்றார். அந்தச் செய்திகளைக் கேட்க ரூமல்ஹார்ட் இல்லை. 2011லேயே அவர் மறைந்துவிட்டார்.

சிங்கப்பூருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. தேசியக் கல்விக் கழகத்தின் விரிவுரையாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி, பேராசிரியர் டான் டின் வீயுடன் சேர்ந்து 1995ல் தமிழை இணையத்தில் ஏற்றினார். 'கணியன்' என்ற தமிழ் உள்ளீட்டு முறையை உருவாக்கியவரும் அவரே. 1999ல் அவர் காலமானார். டான் டின் வீ 2012ல் 'இணையப் புகழ் மன்றத்தில்' இடம்பெற்றார். கோவிந்தசாமியின் பணி செயற்கை நுண்ணறிவு ஆய்வு அல்லதான். ஆனால் சிங்கப்பூரில் உருவான 'சீ-லயன்' மொழி மாதிரி இன்று தமிழையும் கையாள்கிறது. இயந்திரம் தமிழ் கற்க வேண்டுமானால், தமிழ் முதலில் கணினித் திரையில் ஏறியிருக்க வேண்டும் அல்லவா? அடித்தளம் போட்டவர்களைக் கட்டடம் எழுந்த பிறகு மறந்துவிடக் கூடாது.

இன்றும் பல்கலைக்கழகங்களில், ஆய்வுக்கூடங்களில், தமிழ் வகுப்பறைகளில் இத்தகைய உழைப்பு நடந்துகொண்டிருக்கிறது. என்ன செய்தார், எந்த ஆண்டு செய்தார், அதனால் யாருக்குப் பயன் என்ற குறிப்புகளை உடனிருப்பவர்கள் இப்போதே எழுதி வைக்கலாம். மாணவர் ஆசிரியருக்காகவும், சகா சகாவுக்காகவும் பேனா எடுக்கலாம். இரங்கல் கூட்டத்தில் சொல்லும் நல்ல வார்த்தைகளை அவர் உயிரோடு இருக்கும்போதே ஒரு பரிந்துரைக் கடிதத்தில் எழுதிவிட்டால், விருது கிடைக்கிறதோ இல்லையோ, அவருடைய பணிக்கு ஒரு பதிவாவது மிஞ்சும்.